ஏ சான்றிதழ் சூப்பர்ஹீரோ படம்: கிராஃபிக் நாவலை நம்ம கடற்கரைக்குக் கொண்டுவந்தால் எது நிற்கும், எது கழன்றுவிடும்?

தொண்டி வாசகன்:
144 பக்கக் கிராஃபிக் நாவல் ஒன்று, கறுப்பு வெள்ளை. வயசாகிப்போன நாலு முகமூடிக்காரர்கள், ஒரு கொலை, மூடிவைத்த பழைய பாவம். படித்தவர்கள் கட்டம் கட்டமாக மனப்பாடம் வைத்திருக்கிற புத்தகம். அதைப் பெரியவர்களுக்கான படமாக, நகரத்துக்குப் பதில் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் உள்ள நம்ம கரையில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். காசு கம்மி. கேள்விகள் இவை: கட்டங்களை அப்படியே ஷாட்டாக்கலாமா? முகமூடி உடுப்பு உப்புக்காற்றில் தாங்குமா? ரத்தம் எவ்வளவு வரைக்கும் போகலாம்? மூலத்தின் பேரை இங்கே கேட்காதீர்கள், உரிமைப் பேச்சு இன்னும் முடியவில்லை.

ஒன்பது கட்டம்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 'வாட்ச்மென்' இல்லாமல் இதைப் பேச முடியாது. ஆலன் மூர் எழுத்து, டேவ் கிப்பன்ஸ் ஓவியம், 12 இதழ்கள், 1986–87. ஜாக் ஸ்னைடர் 2009இல் படமாக்கினார். பல இடங்களில் கட்டத்தை மேசையில் வைத்துக்கொண்டு கேமராவை வைத்த மாதிரியே இருக்கும். அப்படியும் புத்தகம் தருகிற நெஞ்சடைப்பு படத்தில் வருவதில்லை.

காரணத்தை ஒரு காட்சியிலேயே காட்டலாம். சிறுமியைக் கொன்றவனை ரோர்ஷாக் என்கிற முகமூடிக்காரன் கண்டுபிடிக்கிறான். புத்தகத்தில் அவனை விலங்கு போட்டுக் கட்டி, கையில் ரம்பத்தைக் கொடுத்து, வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு வெளியே நின்று எரிவதைப் பார்க்கிறான். கட்டங்கள் ஒரே அளவு, ஒரே தாளம், தீ மட்டும் ஏறிக்கொண்டே போகும். படத்தில் கத்தியால் தலையில் வெட்டு, முடிந்தது. சிறைக் காட்சியும் அப்படித்தான். புத்தகத்தில் பூட்டை மறைத்துக்கொண்டு மாட்டிக்கிட்ட தடியனுக்குக் கழுத்து அறுபடும். படத்தில் மின்ரம்பத்தால் இரண்டு கையும் போகும். ரத்தம் கூடியிருக்கிறது, கனம் குறைந்திருக்கிறது. புத்தகத்தில் வாசகனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது, அதுதான் வலிக்கிறது. வெட்டு விழுந்த அடுத்த நொடி காட்சி மாறினால் பார்க்கிறவன் "அம்மாடி" என்று சொல்லிவிட்டுப் பாப்கார்னுக்குக் கையை விடுவான்.

அதனால் கட்டத்தின் சட்டகத்தை விடுங்கள். ஒரு பக்கத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தக் கட்டத்தில் கண் நின்றுபோகிறது என்பதைத்தான் எடுத்துவர வேண்டும்.

லைட் மீட்டர்:
சட்டகத்தை விடச் சொல்வதற்குத் தொழில் காரணமும் உண்டு. வாட்ச்மென் மாதிரிப் பக்கத்தை மூன்றுக்கு மூன்றாகப் பிரிக்கிற ஒன்பது கட்ட அமைப்பில் ஒவ்வொரு கட்டமும் நின்ற வாக்கில் இருக்கும், அகலத்தை விட உயரம் கூடுதல். சினிமாஸ்கோப் திரையில் அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 2.39க்கு 1. நின்ற கட்டத்தை அதில் திணித்தால் இரண்டு பக்கமும் காலி இடம் விழும். நம்ம கரையில் அந்தக் காலியில் தெரியப்போவது கடல், வானம், நடுவில் ஒரு கோடு. ஊரே படுத்துக்கிடக்கிற ஊர் இது. நின்ற பொருள் என்று தேடினால் பனை, பாம்பன் கலங்கரை விளக்கம், புதுப் பாலத்தின் தூக்கு கோபுரங்கள், தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயச் சுவர். அவ்வளவுதான்.

1.85க்கு 1 எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் இடம் கிடைக்கும், முகமூடிக் காது சட்டகத்தில் வெட்டுப்படாது. கூடவே ஒரு விதி: கடற்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கதாபாத்திரத்துக்கு ஒன்றாக முடிவு பண்ணி ஸ்டோரிபோர்டிலேயே குறித்துவிடுங்கள். ஒருவனுக்குக் கழுத்தில், ஒருவனுக்கு இடுப்பில், கொலைகாரனுக்குத் தலைக்கு மேலே. லென்ஸ் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதி வைத்தால்தான் மூன்று வாரம் கழித்து எடுக்கிற ஷாட்டும் பொருந்தும். புத்தகத்தில் ஒரே கோணம் திரும்பத் திரும்ப வருகிற அழுத்தம் உங்களுக்கு இப்படித்தான் கிடைக்கும்.

எடிட் மேசை:
நேரக் கணக்கை நான் போடுகிறேன். வாட்ச்மென் தியேட்டர் பிரதி 162 நிமிடம். 12 இதழுக்கு வகுத்தால் இதழுக்கு 13 நிமிடம் 30 நொடி. 186 நிமிட இயக்குநர் பிரதியும், கதைக்குள் வருகிற கடற்கொள்ளைக் கதையைக் கார்ட்டூனாகச் சேர்த்த 215 நிமிடப் பிரதியும் பின்னால் வந்தது சும்மா இல்லை. அடைக்க முடியாததை அடைத்த படம்.

உங்களுடையது 144 பக்கம். பேச்சில்லாத பக்கம் 20 முதல் 25 நொடி. பேச்சுப் பக்கம் ஒரு நிமிடத்தைத் தாண்டும், ஏனென்றால் பேச்சு பலூனில் கண்ணால் 3 நொடியில் படிக்கிற வசனத்தை நடிகர் சொல்ல 10 நொடி வேண்டும். நிமிடத்துக்கு 110, 120 தமிழ்ச் சொல்லுக்கு மேல் போனால் செய்தி வாசிப்பு ஆகிவிடும். பாதிக்குப் பாதி என்று பிடித்தாலும் 100 நிமிடம் வந்துவிடுகிறது, சண்டைக்கு 15 கூட்டுங்கள். அதாவது இந்தப் புத்தகம் ஒரே படத்துக்குள் அடங்கும். எதையும் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் பாட்டுக்கு இடமில்லை, "ஹீரோ அறிமுகம்" என்று 4 நிமிடம் கேட்டு வருகிறவர்களுக்கும் இடமில்லை.

மாட்டுகிற இடம் இடைவேளை. புத்தகத்துக்கு இடைவேளை கிடையாது. 55இலிருந்து 60ஆவது நிமிடத்துக்குள் கதவு மூடுகிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும். அதைத் தேடி அத்தியாயங்களை இடம் மாற்றினால் பின்னோக்குக் காட்சிகள் குழம்பும். மாற்றாமலேயே ஒரு வழி இருக்கிறது. நல்ல ஓவியர்கள் அதிர்ச்சியை வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்துக்கு அப்புறம், பக்கத்தைத் திருப்பினால் தெரிகிற இடத்தில் வைப்பார்கள். அந்தப் பக்கத் திருப்பல்களை எல்லாம் பட்டியல் போடுங்கள். நடுப் புத்தகத்தில் ஒன்று கட்டாயம் இருக்கும். கேள்விக்கு முன் இடைவேளை, பதிலோடு இரண்டாம் பாதி.

தொண்டி வாசகன்:
மனக்குரல் பெட்டிகளை என்ன செய்வது? மூலத்தில் பக்கத்துக்கு நாலு பெட்டி.

எடிட் மேசை:
கொலைகாரனைத் தேடுகிறவனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, மற்ற மூன்று பேருக்கும் எடுத்துவிடுங்கள். அதிலும் படம் காட்டுவதையே சொல்கிற வரிகளை அடித்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மனக்குரல் ஓடும்போது பின்னணியில் அலைச்சத்தம் வைக்காதீர்கள். அலையும் மனிதக்குரலின் ஊதல் ஒலிகளும் ஒரே அலைவரிசையில் மோதும், "ச"வும் "ஸ"வும் காணாமல் போகும்.

கீழக்கரை காக்கா:
ஷாட்டுக்குப் போகுமுன் காகிதத்துக்கு வாங்க. உரிமைப் பேச்சு முடியலைன்னு சொன்னீங்களே, அதில்தான் இந்தப் படம் சாகுமா பிழைக்குமா என்பது இருக்கு.

கிராஃபிக் நாவலில் இரண்டு உரிமை. எழுத்து இலக்கியப் படைப்பு, ஓவியம் கலைப் படைப்பு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இரண்டுக்கும் தனித்தனி வகை. எழுத்தாளர் மட்டும் கையெழுத்துப் போட்டு, முகமூடியை வடிவமைத்த ஓவியர் போடலைன்னா அந்த முகமூடியைத் திரையில் காட்ட உங்களுக்கு உரிமை இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். காலமும் எல்லையும் எழுதாமல் விட்டால் 19ஆம் பிரிவுப்படி ஐந்து வருஷம், இந்தியா மட்டும்னு எடுத்துக்குவாங்க. அதே பிரிவில் இன்னொரு கண்ணி: உரிமை மாற்றின தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தலைன்னா, வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி. சின்னப் படத்துக்குக் காசு தேடவே ஒரு வருஷம் போயிடும். அதனால் "இந்த உட்பிரிவு பொருந்தாது, காலம் 4 வருஷம்"னு வெளிப்படையா எழுதி வாங்கணும். வெளிநாட்டு ஓடிடிக்கு விற்கிற எண்ணம் இருந்தால் "உலகம் முழுவதும்" என்ற சொல்லும் வேணும்.

57ஆம் பிரிவு தனி. உரிமையை வித்த பிறகும், தன் படைப்பைச் சிதைச்சுப் பேரைக் கெடுத்தால் படைப்பாளி வழக்குப் போடலாம். ஊரை மாற்றுறீங்க, முடிவை மாற்றினாலும் மாற்றுவீங்க. மாற்றப்போகிற இடங்களை இணைப்பாப் போட்டு அவங்க சம்மதக் கையெழுத்து வாங்கி வைங்க.

வாட்ச்மெனுக்கே வந்த வினை தெரியும்ல? பழைய உரிமை தங்களிடம் இருக்குன்னு ஃபாக்ஸ் நிறுவனம் வார்னர் மேல் 2008 பிப்ரவரியில் வழக்குப் போட்டது. 2009 மார்ச்சில் படம் வரணும், ஜனவரியில்தான் சமரசம். வசூலில் ஃபாக்ஸுக்குப் பங்கு போச்சு. கைமாறின காகிதம் ஒவ்வொன்றையும் தேதி வரிசையில் அடுக்கி, இடையில் ஓட்டை இல்லைன்னு பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்கணும்.

ஒன்பது கட்டம்:
காக்கா சொன்னதோடு ஒன்று. மூர் தன் பேரையே படத்தில் போட விடவில்லை, திரையில் இருப்பது கிப்பன்ஸ் பேர் மட்டும். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்று ஒப்பந்தம். பதிப்பகம் அச்சை நிறுத்தவே இல்லை. நம்ம ஊர் ஒப்பந்தத்தில் இந்த மாதிரி வரி வைத்தால் "வருஷத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால்" என்று எண்ணிக்கை போட்டு எழுதுங்கள்.

தொண்டி வாசகன்:
காக்கா, சான்றிதழ்?

கீழக்கரை காக்கா:
ஏ என்றால் எதையும் காட்டலாம்னு ஒரு நினைப்பு இருக்கு. அப்படி இல்லை. தணிக்கை வழிகாட்டு விதிகள் ஏ-க்கும் பொருந்தும். பெண்கள் மேல் பாலியல் வன்முறை கதைக்கு அவசியம்னா கூடக் குறைந்தபட்சம், விவரம் காட்டக் கூடாது. இந்த வகைக் கதைகளில் பழைய முகமூடிக்காரன் செய்த அக்கிரமம்னு ஒரு காட்சி வந்தே தீரும். வாட்ச்மெனிலும் இருக்கு. அதை முன், பின் என்று எடுங்க. கதவு, அப்புறம் முகம். நடுவில் எதுவும் எடுக்கவே எடுக்காதீங்க. எடுத்தால் யாராவது சேர்க்கச் சொல்வாங்க.

2023 சினிமாச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் யூஏ மூன்றாப் பிரிஞ்சிருக்கு: 7+, 13+, 16+. இது பெற்றோருக்கான அறிவுரை மட்டும், தியேட்டரில் தடுக்க மாட்டாங்க. ஏ-ன்னா 18க்குக் கீழே உள்ளே விடக் கூடாது. ராமநாதபுரம், பரமக்குடி மாதிரி ஊரில் குடும்பக் கூட்டம் போச்சுன்னு கணக்குப் போட்டுக்குங்க. ஏ படம் டிவியில் வராது. டிவிக்குத் தனிச் சான்றிதழ் வாங்க அதே திருத்தத்தில் வழி வந்திருக்கு, ஆனா அதுக்கு வெட்டின பிரதி வேணும். படப்பிடிப்பிலேயே ஒவ்வொரு கடும் காட்சிக்கும் ஒரு மாற்று ஷாட் எடுத்து வைங்க, மூன்று நொடி எதிராளி முகம் போதும். பின்னால் தேடினால் கிடைக்காது.

பரிசீலனைக் குழு வெட்டச் சொன்னால் மறுபரிசீலனைக் குழு. அதுக்கும் மேலே இருந்த தீர்ப்பாயத்தை 2021இல் எடுத்துட்டாங்க, இப்ப நேரா ஹைகோர்ட். வெளியீட்டுத் தேதியைச் சொல்லிட்டு அங்கே போய் நிற்க முடியாது. இரண்டு மாசம் இடைவெளி வைங்க. முகமூடிக்காரன் வாயில் சுருட்டு இருக்கா? அப்ப தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 நொடிப் புகையிலை விழிப்புணர்வுப் படம், சுருட்டு தெரியும்போதெல்லாம் கீழே எச்சரிக்கை வரி. இருட்டுக் காட்சியில் அந்த வரி மட்டும்தான் கண்ணில் படும். சுருட்டையே எடுத்துடுங்க.

தையல்மிஷின்:
உடுப்புக் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போறீங்க.

ஃபோம் லேடெக்ஸ் (ரப்பர் நுரை) தசை வைச்ச உடுப்பு இங்கே வேண்டாம். வெயிலும் எண்ணெய்ப் பசையும் பட்டால் லேடெக்ஸ் ஒட்டும், அப்புறம் பொடியும். ஸ்பாண்டெக்ஸ் மேலே, உள்ளே 10 மில்லிமீட்டர் ஈவிஏ நுரை ஷீட்டை வெட்டி வெப்பக் காற்றில் வளைச்சு வைச்ச தட்டுகள். தட்டை ஒட்டச் செருப்புக்கடை சொல்யூஷன் நல்லாப் பிடிக்கும், ஆனா மத்தியான வெயிலில் மூடின வேனுக்குள் உடுப்பைத் தொங்கவிட்டால் பசை இளகி மார்புத் தட்டு வயிற்றுக்கு வந்திடும். ஒட்டின ஓரத்தில் நைலான் நூலால் ஒரு ஓட்டம் தைச்சுருங்க. ஜிப் இரும்பு வேண்டாம், இரண்டே நாளில் துரு. பெரிய பல்லு பிளாஸ்டிக் ஜிப் போடுங்க, பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்ச்சு விடுங்க. முக்கிய ஆளுக்குக் கிட்டக் காட்ட இரண்டு, சண்டைக்கு மூன்று, தண்ணிக்கு ஒன்று. ஆறுக்குக் குறைஞ்சால் காயப்போட்டுக்கிட்டே உட்காரணும். சாயங்காலம் எதை உடுத்தியிருந்தாலும் நல்ல தண்ணியில் அலசி நிழலில் உலர்த்தணும். உப்பு காய்ஞ்ச இடத்தில் கறுப்பு வெளுத்துப் போகும், மறுநாள் எடுக்கிற ஷாட்டோடு பொருந்தாது.

அங்கி பற்றி. கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற மாசத்தில் அங்கி பின்னால் பறக்காது, முகத்தில் வந்து மூடும். ஓர மடிப்புக்குள் வலைக்குக் கட்டுற ஈயக்குண்டை ஒரு சாணுக்கு ஒன்றாக வைச்சுத் தைங்க. பாம்பன், மண்டபம் வலைக்கடைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும். நடக்கிற, நிற்கிற காட்சிக்கு அங்கி அப்படி விழும் பாருங்க, காசு கொடுத்தாலும் வராது. சண்டைக்காரர் அங்கியில் ஈயம் கூடாது. சுழன்றால் பக்கத்தில் நிற்கிறவர் பல்லு போயிடும். அதுக்கு ஓரத்தில் இரட்டைத் துணி மட்டும்.

முகமூடியின் கண் லென்ஸ் மூடுபனி மாதிரி மங்கிடும். பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு லென்ஸுக்கு உள்பக்கம் தேய்ச்சுத் துடைச்சால் அரைமணி தாங்கும். பின்மண்டையில் காற்றுத் துளை வைங்க. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கழற்றணும், அடம்பிடிக்கிற நடிகர்னாலும்.

ஒன்பது கட்டம்:
அக்கா, ரத்தத்துக்கு என்ன கலவை? இங்கே மணலில் வழிந்தால் ஜாம் மாதிரி ஆகிறது.

தையல்மிஷின்:
மிட்டாய்க்காரங்க வாங்குற லிக்விட் குளுக்கோஸ் 1 கிலோ, வெந்நீர் 250 மில்லி, சிவப்பு ஃபுட் கலர், பழுப்புக்குக் கோகோ இரண்டு ஸ்பூன். உள்ளறைக்கு இது அருமை. கரையில் எடுக்காதீங்க, கருவாடு காயுற பக்கம் ஈ படை எடுக்கும், ஐந்து நிமிஷத்தில் எறும்பு. வெளிக் காட்சிக்கு இனிப்பே இல்லாம சிஎம்சி பவுடரை (கெட்டியாக்குற செல்லுலோஸ் பவுடர்) நீரில் கரைச்சுக் கொழகொழன்னு ஆக்கி அதே கலர் போடுங்க. லிட்டருக்கு 10 கிராமில் தொடங்கிக் கெட்டி பார்த்துக் கூட்டுங்க. ராத்திரியே கரைச்சு வைக்கணும், அவசரத்தில் கொட்டினால் கட்டி தட்டும். வறண்ட மணல் எதைப் போட்டாலும் குடிச்சிடும். ரத்தம் விழுற இடத்தில் மட்டும் முதலில் தண்ணி தெளிச்சு இறுக்கிட்டு, மேலே ஊத்துங்க.

பாம்பன் பாலத்தடி:
எல்லாரும் எப்ப எடுக்கணும்னு சொல்லவே இல்லையே. அதைச் சொல்லிட்டு மத்தது.

நமக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, பெண்கடல். தெக்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் கச்சான் காத்து, தெக்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசியிலிருந்து வாடை, அதான் வடகிழக்குக் காத்து, அப்படியே தலைகீழ். ஒரே அட்டவணையில் இரண்டு பக்கமும் படகுக் காட்சி போட்டுட்டு வந்தால் ஒன்று கெடும். தை கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் இரண்டும் ஓரளவு அடங்கும், அந்த இடைவெளியைப் பிடிங்க.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும், பின்னணிக்கு அள்ளிக்கலாம். ஆனா அது படகுக்காரங்க இன்ஜினை இறக்கிப் பெயின்ட் அடிக்கிற நேரம், ஓட்டிக்காட்டச் சொன்னால் ஓட்ட மாட்டாங்க. கடலில் இறங்குறதா இருந்தால் கடலோரக் காவல் போலீஸுக்கும் மீன்துறைக்கும் முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். தீவுகள் பக்கம் நினைக்கவே நினைக்காதீங்க. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவும் 1986லிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்க முடியாது. ட்ரோன் இன்னும் சிக்கல். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், கடலில் எல்லைக்கோடு கிட்டத்தில். எங்கே ட்ரோன் பறக்கலாம்னு காட்டுற அரசு டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பார்த்துட்டுத்தான் ட்ரோன் பேச்சையே எடுக்கணும்.

தனுஷ்கோடி தேவாலயத்தில் சண்டை வைக்கலாம்னு எல்லா டைரக்டரும் கேப்பாங்க. 1964 புயலில் மிஞ்சின சுவர் அது, பவளக்கல்லும் சுண்ணாம்பும். சாய்ஞ்சு நின்றாலே கல்லு பொடிப்பொடியா உதிரும். அகல ஷாட்டுக்கு அதைத் தூரத்தில் வைச்சுக்கிட்டு, அடி விழுற சுவரை வேற இடத்தில் செட் போடுங்க. வாலிநோக்கம் பக்கம் உப்பளத் தரை காய்ஞ்சு கிடந்தால் மணலை விடக் கெட்டி. மணலில் கிரேன் நிறுத்தியே ஆகணும்னா ஒவ்வொரு காலுக்கும் கீழே 8 அடிக்கு 4 அடி இரும்புத் தகடு.

லைட் மீட்டர்:
கம்பியில் ஆளைத் தூக்குகிற ஷாட்டா? வானத்தைப் பின்னால் வைத்தால் கம்பியை அழிக்கிறது சுலபம். அலையைப் பின்னால் வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் நுரை மாறும், கணினியில் அழிக்கிற விஎஃப்எக்ஸ் பில் எகிறும். கேமராவைத் தாழ்த்துங்கள், வேலை முடிந்தது.

தொண்டி வாசகன்:
அண்ணே, தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் ராத்திரிக் காட்சி நிறைய. பொழுது சாய்ந்தால் ஆளை வெளியேற்றுகிறார்களே?

லைட் மீட்டர்:
பகலில் இரவு எடுங்கள். சூரியனை ஆளுக்குப் பின்னால் முக்கால்வாட்டில் வையுங்கள், காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 5 மணி 30 நிமிடம். இரண்டு ஸ்டாப் குறைத்து, அதாவது வழக்கமான வெளிச்சத்தில் கால்வாசி மட்டும் கேமராவுக்குள் விட்டு, எக்ஸ்போஸ் பண்ணுங்கள். மூன்று ஸ்டாப் குறைத்தால் கறுப்பு உடுப்பில் விவரம் செத்துவிடும். வெள்ளைச் சமன்பாடு 3800 கெல்வின் பக்கம். வானம் சட்டகத்தில் கால்வாசிக்கு மேல் வரக் கூடாது, மேகம் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஈர மணலில் சூரிய மினுக்கம் நிலா மினுக்கமாக மாறிவிடும், இந்த ஊர் கொடுக்கிற இனாம் அது. காட்டிக்கொடுப்பது நிழல்தான். கூர்மையான குட்டை நிழல் விழுந்தால் பகல் என்று குழந்தையும் சொல்லும்.

ஒளிர்கிற ஆள் யாராவது கதையில் இருக்கிறாரா? வாட்ச்மெனில் டாக்டர் மன்ஹாட்டனாக நடித்த பில்லி க்ரூடப்புக்கு நீல எல்இடி பதித்த உடுப்பைப் போட்டுவிட்டு, உடம்பைப் பின்னால் கணினியில் மாற்றினார்கள். பக்கத்தில் நிற்பவர் முகத்தில் நீலம் விழுந்ததால்தான் அந்த உருவம் அங்கே நிற்கிறதாக நம்புகிறோம். சின்னக் காசிலும் முடியும். சிலிக்கான் உறை போட்ட 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் 10 மீட்டர். மீட்டருக்கு 14.4 வாட் வகை என்றால் முழு வெளிச்சத்தில் 144 வாட், 12 ஆம்பியர். சூடும் ஆகும், பேட்டரியும் தாங்காது. டிம்மரில் மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கினால் 4 ஆம்பியர், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒரு மணி நேரம் ஓடும். வெட்டின முனைகளைப் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்குகிற குழாய்) போட்டு மூடாவிட்டால் வியர்வை உப்பு ஏறிச் செம்பு பச்சையாகிப் பாதி ஸ்ட்ரிப் அணையும். இது மட்டும் நிஜ இருட்டு கேட்கிற ஷாட். தனி அனுமதியோடு ஒரு ராத்திரி, அதற்குள் எல்லா முகங்களையும் முடித்துவிடுங்கள்.

கேமராவுக்கு: ஏசி அறையிலிருந்து எடுத்தால் பெட்டியைத் திறக்காமல் முக்கால் மணி வெளியே வையுங்கள், இல்லையென்றால் லென்ஸுக்குள் நீர் கோக்கும். முன் ஃபில்டரை ஊதியபிறகு நல்ல தண்ணீர் நனைத்த துணி, அப்புறம் உலர் துணி. உலர் துணியை முதலில் போட்டால் உப்பு கீறும்.

எடிட் மேசை:
இன்னும் முடிவு பற்றிப் பேசவே இல்லை. வாட்ச்மென் புத்தகத்தில் நியூயார்க்கில் ராட்சதக் கணவாய் மீன் மாதிரி ஒன்று விழுந்து லட்சக்கணக்கில் ஆட்கள் சாவார்கள். வேற்றுக் கிரகத்துப் பகை என்று நம்பி இரண்டு வல்லரசும் சேரும். படத்தில் அதை எடுத்துவிட்டு, பல நகரங்களில் மன்ஹாட்டனின் ஆற்றல் வெடித்ததாகப் பழி போட்டார்கள். கணவாய்க்கு முன்னேற்பாடாகக் காணாமல்போன ஓவியர்கள், தனித்தீவு என்று ஒரு கிளைக்கதையே வேண்டும். அதை வெட்டினதில் நேரம் மிச்சம். எடிட்டராகப் பார்த்தால் நல்ல முடிவு.

ஒன்பது கட்டம்:
வாசகனாகப் பார்த்தால் மோசமான முடிவு. மன்ஹாட்டன் அமெரிக்காவின் ஆயுதம். அவன் பேரில் வெடித்தால் எதிரி ஏன் அமெரிக்காவோடு கை கோக்கணும்? கணவாய் யாருடைய ஆளும் இல்லை, அதனால்தான் கணக்கு சரியாக வந்தது.

பாம்பன் பாலத்தடி:
கணவாயை இங்க காட்டினால் கிலோ என்ன விலைன்னு கேப்பாங்க 😄

ஒன்பது கட்டம்:
அதுதான் அண்ணே விஷயம். ஊரை மாற்றினால் பயத்தையும் மாற்றணும். தொண்டி, உங்க மூலத்தில் முடிவில் வருகிற பொய்ப் பகை எது?

தொண்டி வாசகன்:
நகரத்தின் மின்சாரத்தை ஒருத்தன் அணைத்துவிட்டு, வெளியாட்கள் தாக்கினதாக நம்ப வைக்கிறான்.

பாம்பன் பாலத்தடி:
இங்க கரண்ட் போனால் தாக்குதல்னு எவனும் நினைக்க மாட்டான், வாரியத்தைத் திட்டிட்டுப் படுத்துடுவான். கடல் உள்ள வாங்கினா ஓடுவான். 64 புயலையும் 2004 சுனாமியையும் கேட்டு வளர்ந்த கரை. கடல் பின்வாங்குறதா ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டால், குடிசையும் பங்களாவும் ஒரே லாரியில் ஏறும். அப்ப காலியான ஊரில் என்ன வேணாலும் நடக்கலாம்.

எடிட் மேசை:
இது வேலை செய்யும். செலவும் குறைவு, கூட்டம் ஓடுகிற ஒரு நாள், காலித் தெரு இரண்டு நாள். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் கடைசியில் வந்தால் ஏமாற்று வேலையாகிவிடும். எச்சரிக்கைச் சங்கு ஊதுவதை இடைவேளைக்கு முன் மூன்று தடவை காட்டுங்கள். முதல் தடவை ஒத்திகை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாவது தடவை பழுது, நின்றும் ஊதியும் எரிச்சல் தரணும், யாராவது சிரிக்கணும். மூன்றாவது தடவை மெக்கானிக் பெட்டியைத் திறக்கிறான், வயர் வெட்டி ஒட்டியிருப்பதைப் பார்க்கிறான், பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லாமல் மூடுகிறான்.

கீழக்கரை காக்கா:
இந்த மாற்றத்தை இணைப்பில் சேர்த்து எழுத்தாளர், ஓவியர் இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கினதுக்கு அப்புறம் திரைக்கதையில் ஏத்துங்க. சங்குக் காட்சிக்கு அரசுத் துறைப் பலகை, சீருடை எதையும் அசலாக் காட்டாதீங்க, கலெக்டர் ஆபீஸில் படப்பிடிப்பு நாளை எழுத்தில் தெரிவிச்சு, கிராமத்தில் முதல் நாளே தண்டோரா போட்டுடுங்க. நிஜமாவே ஊதினதா நினைச்சு ஜனம் ஓடினால் அன்னிக்கே படம் நின்னுடும்.

பாம்பன் பாலத்தடி:
ஊதவே ஊதாதீங்க காக்கா. சத்தத்தை டப்பிங்கில் சேர்த்துக்கலாம். நடிக்கிறவங்களுக்குப் பச்சைக்கொடி காட்டினால் ஓடுவாங்க.